கிரைண்டர் சத்தத்துக்கு மேலே

மாவு வாங்க வருகிறவர் கையில் தூக்கோ பையோ இருக்கும். அந்த ஆள் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒரு கிலோ மாவு என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உறையூரில் இத்தனை வருசமாக மாவு ஆட்டி விற்கிறேன். மாவுக்கு வந்தவர் யார், வேவு பார்க்க வந்தவர் யார் என்று எனக்குத் தெரியாதா?

"எதுத்தாப்பல யாரு வீடுங்கம்மா?" என்றார்.

"வாத்தியார் வீடு."

"எந்த ஸ்கூல்லங்க?"

"இப்ப எந்த ஸ்கூலும் இல்ல. கதை எழுதறாரு, ரேடியோ நாடகம் எழுதறாரு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். மாடிய வாடகைக்கு விடுவாங்களான்னு…"

மாடியில் அந்த வீட்டு ஆட்களின் துணிதான் ஆடிக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாடகைக்காம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, நீங்க பையனுக்கு சித்தப்பாவா, மாமாவா?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "தாய்மாமங்க. பேரு ரங்கசாமி. ஸ்ரீரங்கத்துல அம்மாமண்டபம் ரோட்டுல இருக்கோம். வாழைத்தார் மண்டி. அக்கா மகன் அஜித்துக்கு இந்த வீட்டுப் பொண்ணைப் பேசலாம்னு ஒரு எண்ணம். ஆடியில போயிப் பேசக்கூடாது பாருங்க, அதுக்குள்ள நாலு பேரை விசாரிச்சு வெச்சுக்கலாம்னு வந்தேன். நான் வந்தது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்மா."

"எனக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். "தங்கமான குடும்பம். பொண்ணு பவித்ரா தில்லைநகர்ல லேப்ல வேலை பாக்குது, வேலை உண்டு வீடு உண்டுன்னு இருக்கும். அம்மா ஜோதி தையல் தைக்கிறா, அதிர்ந்து பேச மாட்டா. வாத்தியார் ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காதவரு."

"நல்ல கவர்ன்மெண்ட் சம்பளமாமே, அந்த வேலைய ஏன் பாதியில விட்டாரு?"

"எழுத நேரம் போதலைன்னு விட்டுட்டாருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மாவுக் கவரைத் தூக்கிக்கொண்டு முனையில் இருக்கிற நிஜாமுதீன் பாய் டீக்கடைக்குப் போனார். போகட்டும் என்று நிம்மதியாக இருந்தேன். பாய்க்கு என்ன சொல்லவேண்டும் என்று நான் ஏற்கனவே சொல்லிக்கொடுத்திருந்தேன். பாய்க்கு மட்டுமா? அயர்ன் பண்ணுகிறவர், மருந்துக்கடைக்காரர், தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று தெருவில் ஒரு வாய் பாக்கியில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லவேண்டும். வாத்தியார் பேர் அன்புச்செல்வன். இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்தவர். கல்யாணமான புதிதில் திடுதிப்பென்று வேலையை விட்டுவிட்டு, 'உறந்தைச் செல்வன்' என்ற பெயரில் மாசத்துக்கு ஒரு மர்ம நாவல் எழுத ஆரம்பித்தார். அட்டையில் கத்தி, ரத்தம், தலைவிரி கோலமாக ஒரு பெண் எல்லாம் இருக்கும். அந்த நாவல்களுக்கு மவுசு குறைந்ததும் திருச்சி ரேடியோவுக்கு நாடகம், கோயில் திருவிழாவுக்கு மேடை நாடகம் என்று போனார். எல்லாவற்றிலும் கொலைதான். மனிதர் நிஜத்தில் கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுவார். ஆனால் மருந்துக்கடைக்குப் போய், எந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தூக்கத்திலேயே போகலாம் என்று கேட்பார். கொள்ளிடத்துப் பாலத்துக்குக் கீழே மீன் பிடிக்கிறவர்களிடம், மேலேயிருந்து விழுந்தால் உடல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று விசாரிப்பார்.

இதனால் நாசமாய்ப் போனது பவித்ராவின் கல்யாணம். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் கொடுத்துவிட்டு, அதே பாயசத்தில் விஷம் கலந்தால் ஏலக்காய் வாசத்தில் தெரியவே தெரியாது என்று இவர் விளக்கம் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தவர் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. அடுத்து வந்தவர்கள் அயர்ன்காரரை விசாரித்தார்கள். அந்தப் புண்ணியவான், "வாத்தியார் போன வாரம் ரத்தக்கறை எப்படிப் போகும்னு கேட்டாருங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்த இடமும் போயிற்று.

இந்த அஜித் பவித்ராவோடு வேலை பார்க்கிற பையன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போன பிறகுதான் பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். பவித்ரா என்னிடம் வந்து, "அத்தை, இதுவும் கெட்டுப்போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அவங்க வீட்டுல பெரியவங்க பேச்சை மீற மாட்டாரு அவரு" என்று கண் கலங்கிச் சொன்னாள். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. என் கண் முன்னால் தவழ்ந்த பெண் அழுதால் நான் சும்மா இருப்பேனா? அதனால்தான் தெருவுக்கே வசனம் எழுதிக்கொடுத்தேன்.

வாத்தியாரிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. ஜோதியும் நானும் எடுத்த முடிவு அது.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் வழக்கம்போலக் காகிதத்தோடு வந்தார். அவர் எழுதுகிற விதமே தனி. காலையில் நான் கிரைண்டர் போட்டதும் என் கடைக்குள் வந்து நின்றுகொண்டு, எழுதிய வசனத்தை ஆண் குரல், பெண் குரல், கிழவர் குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். நான் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்கவேண்டும். "கிரைண்டர் சத்தத்துக்கு மேல காதுல விழுந்தாத்தான் அது ரேடியோ வசனம். விழலேன்னா அது வெறும் எழுத்து" என்பார். எனக்கு விழாத வசனத்தை அங்கேயே கிழித்துப்போட்டுவிடுவார்.

அன்றைக்கு வசனம் பேசவில்லை. காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அற்புதம்மா, நேத்து உங்ககிட்ட மாவு வாங்கின ஆளு யாரு?"

"மாவு வாங்கின ஆளு."

"கையில பையில்ல."

"கவர்ல குடுத்தேன்."

"அந்தக் கவரை பாய் கடை பெஞ்சிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. மாவு வேண்டாதவரு மாவு ஏன் வாங்கணும்?"

நான் உளுந்தில் தண்ணீர் தெளித்தேன். அவர் விடுவதாக இல்லை.

"நான் பின்னாடி பெஞ்சிலதான் உட்காந்திருந்தேன், பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு. 'அந்த வாத்தியாரு ஸ்கூலை ஏன் விட்டாரு'ன்னு கேட்டாரு. பாய் பால் சட்டியப் பாத்துக்கிட்டே 'எழுத நேரம் போதலைன்னு விட்டுட்டாருங்க'ன்னாரு. அங்கேருந்து அயர்ன் வண்டிக்குப் போனாரு, நானும் பின்னாடியே போனேன். அங்கயும் அதேதான், 'எழுத நேரம் போதலைன்னு விட்டுட்டாருங்க.' ஒரு எழுத்து மாறல. இத்தனை பேரும் சேந்து எங்கிட்டேருந்து என்னத்தையோ மறைக்கறீங்க."

"நீங்க ஊருக்குச் சொன்னதைத்தானே ஊரு சொல்லுது? அதுல என்ன மறைக்கிறதுக்கு இருக்கு?"

"அந்தப் புருவத் தழும்பைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "என் நாடகத்துல குத்தவாளி எப்படி மாட்டுவான்னு தெரியும்ல உங்களுக்கு? கேக்காத கேள்விக்கு அவனே பதில் சொல்லுவான். இந்த ஆளு என்னை அப்படிப் பேச வைக்கத்தான் சுத்தறாரு" என்று என்னவோ பேசிக்கொண்டே போனார்.

இத்தனை வருசப் பழக்கத்தில் அவரைப் பற்றி முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். யாரோ ஒருவருடைய புருவத் தழும்பைப் பார்த்து இந்த மனிதர் ஏன் பயப்படவேண்டும்? ஸ்கூலில் என்ன செய்தார்? பணத்தில் கை வைத்தாரா, வேறு ஏதாவது விவகாரமா? நான் தெருவெல்லாம் போய் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேனே, யாருக்காகக் கொடுத்தேன்? மாவு பொங்கி வழிகிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் ஜோதி வந்தாள். விரலில் ஊசி குத்திய ரத்தம். என் கடைப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவருக்கு என்னமோ ஆயிப்போச்சு. வாசக் கதவைத் தாப்பா போட்டோமான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறாரு. முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வெச்சேன், தொடவேயில்ல. ரெக்கார்டிங் வருது, கடைசி சீன் இன்னும் எழுதல. நாடகத்துல யாரு குத்தவாளின்னு கேட்டா மொறைக்கிறாரு. பேசாம பொண்ணு விசயத்தை அவருகிட்ட சொல்லிடலாமாக்கா?"

"சொல்லு. சொன்னா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஸ்ரீரங்கம் போயி, வாழைத்தாருக்கு நடுவுல உட்காந்து அந்த மாமனுக்கு விஷத்தைப் பத்திப் பாடம் எடுப்பாரு. தேவையா உனக்கு?"

அவள் சிரிக்கவில்லை. நானே மெதுவாகக் கேட்டேன். "ஜோதி, மறைக்காம சொல்லு. அவரு வேலைய ஏன் விட்டாரு?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. கட்டினவளுக்கும் அந்த ஒரே வசனம்தான். ஒருநா சாயந்தரம் வந்தாரு, எழுதிக் குடுத்துட்டேன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். எழுத நேரம் போதலன்னாரு. நானும் எத்தனையோ நினைச்சுப் பாத்துட்டேன். கூட வேலை பாத்த டீச்சர் யாரோடயாவதுன்னுகூட நினைச்சேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "பொண்ணைப் பெத்து, அதுக்குக் கல்யாண வயசும் வந்து, இன்னும் அந்தச் சந்தேகம் எனக்குப் போகல."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ரங்கசாமி மறுபடி வண்டியில் வந்தார். இந்தத் தடவை மாவு கேட்கவில்லை. என் கடை வாசலில் நின்று, காற்றில் பறந்த வேட்டியை இழுத்து மடித்துக் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும். இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் ஒரே சொல்லுதான் வருது. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவரு, எழுத நேரம் போதல. டீக்கடையில கேட்டாலும் அதான், மருந்துக்கடையில கேட்டாலும் அதான். நான் மண்டியில நித்தம் ஏலம் விடறவன். எல்லாரும் ஒரே விலை சொன்னா, முன்னாடியே பேசி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். யாராச்சும் ஒருத்தரு ஒரு குறை சொல்லியிருந்தாக்கூட நான் நம்பிட்டுப் போயிருப்பேன். அந்த மனுசன் என்ன பண்ணினாரு? எதை மூடி மறைக்கறீங்க?"

ஊரில் எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னாலும் நம்பமாட்டார். பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், எதிர்வீட்டுக் கேட் திறந்தது.

வாத்தியார் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி வந்தார். பின்னாலேயே ஜோதி ஓடி வந்தாள். வந்தவர் ரங்கசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிச்சமுத்து, போதும்பா. தெருத்தெருவா நீ கேட்டு அலைய வேண்டாம். நானே சொல்லிடறேன்."

"சார், நீங்க…" என்று ரங்கசாமி ஆரம்பித்தார்.

"இல்ல, என்னைப் பேச விடு. விட்டேன்னா மறுபடி பேச மாட்டேன். அந்த ஸ்டாப் வாட்சை நீ எடுக்கல. நான்தான் எடுத்தேன். அப்பவே ரேடியோவுக்கு ஒரு நாடகம் எழுதிப் பாத்தேன். எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாக்கறதுக்காக ஸ்கூல் லேப்லேருந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எழுதின கட்டுக்குள்ள வெச்சு, கயிறு போட்டுக் கட்டி, பரண்ல போட்டுட்டு மறந்தே போயிட்டேன்."

பவித்ரா ஸ்கூட்டியில் வந்து நின்றாள். வண்டியை நிறுத்தியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"லேப்ல வாட்சைக் காணோம்னதும் எனக்குத் துப்பறியற ஆசை வந்துடுச்சு. கிளாஸ்ல எல்லாரையும் உட்கார வெச்சுக்கிட்டு, கடைசியா லேப்பைக் கூட்டினது யாரு, சாவி யாருகிட்ட இருந்துச்சு, யாரு வீட்டுல கஷ்டம்னு கதையில வர்ற மாதிரி ஒவ்வொண்ணா அடுக்கி, கடைசியில உன் பக்கம் கையக் காட்டினேன். புள்ளைங்க கை தட்டினாங்க. உங்கம்மா காளியாயி சித்தாள் வேலைக்கு நடுவுல ஓடி வந்து, வெளக்குமாத்தால உன்னை அடிச்சாங்க. குச்சி கிழிச்சு இடது புருவத்துல ரத்தம் ஒழுகிச்சு. நீ அழவேயில்ல. 'நான் எடுக்கல சார்'னு மட்டும் சொன்ன. மறுநாள்லேருந்து நீ ஸ்கூலுக்கு வரல. ரொம்ப நாள் கழிச்சு அந்தக் கட்டைப் பிரிச்சேன். வாட்சு உள்ள இருந்துச்சு. யாருக்கும் தெரியாம லேப் பீரோவுல கொண்டுபோயி வெச்சிட்டு, வேலைய எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பெஞ்சைப் பாத்துக்கிட்டு என்னால பாடம் எடுக்க முடியலப்பா."

பாய் கையில் டீ ஆற்றுகிற குவளையோடு கடையைவிட்டு இறங்கி வந்து நின்றார். ரங்கசாமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"சார், நான் பிச்சமுத்து இல்ல. என் பேரு ரங்கசாமி. உங்க பொண்ணை எங்கக்கா மகனுக்குக் கேக்கலாம்னு விசாரிக்க வந்தவன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். ஜோதியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். யாரும் கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொல்லி மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிவது முகத்திலேயே தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த என் மாவுத் தவலையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவி மனுசன், இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ரங்கசாமிதான் பேசினார். "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"அரியமங்கலத்துல லேத் பட்டறை வெச்சிருக்கான்."

"தெரிஞ்சுமா போகல?"

"போனேங்க. பல தடவை போனேன். எதிர்ப்பக்கம் நின்னு போர்டைப் படிப்பேன். உள்ள எட்டிப் பாக்கத் தைரியம் வராது. அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்."

"தப்பு யாரும் பண்ணுவாங்க சார். ஆனா இருக்கிற இடம் தெரிஞ்சும் போகலைங்கறீங்களே, அதுதான் எனக்கு இடிக்குது. நாளைக்கு எங்க வீட்டுப் புள்ள மேல ஒரு பழி வந்தா, நீங்க பேசுவீங்களா, எதிர்ப்பக்கம் நின்னு போர்டு படிப்பீங்களா? எங்கக்காகிட்ட என்னன்னு போயிச் சொல்றது?" யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாத்தியாரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பவித்ரா முந்திக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி அப்பா தலையில் மாட்டினாள்.

"ஏறுங்கப்பா."

"எங்கம்மா?"

"அரியமங்கலத்துக்கு."

"இப்பவா? நாளைக்கு…"

"எனக்குக் கல்யாணம் நடக்குதோ இல்லையோ, இன்னிக்கு நீங்க அந்த ரோட்டைத் தாண்டணும்."

ஜோதியும் நானும் ஆட்டோவில் பின்னால் போனோம். கடையைப் பாய் பார்த்துக்கொண்டார். வழியெல்லாம் ஜோதி என் கையை விடவேயில்லை. பால்பண்ணை தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "டீச்சர் யாருமில்ல பாத்தீங்களா" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது ஒரு ஆறுதல்.

பட்டறை சின்னது. உள்ளே ஒருவர் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பு சீவுகிற சத்தம் காதைப் பிளந்தது. பிச்சமுத்து கிரீஸ் படிந்த நீலச் சட்டையோடு வெளியே வந்தார். அவர் புருவத்திலும் தழும்பு இருந்தது, ஆனால் வலது பக்கம். இத்தனை வருசம் நெஞ்சில் சுமந்த அடையாளத்தையே வாத்தியார் தப்பாகச் சுமந்திருக்கிறார்.

"பிசிக்ஸ் சாரா?" என்று கேட்டார் பிச்சமுத்து. உட்காரச் சொல்லவில்லை.

வாத்தியார் அங்கே சொன்னதையெல்லாம், எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பியது உட்பட, இங்கேயும் சொன்னார். பிச்சமுத்து முகம் மாறாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எங்கள் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஆளாகி வளர்ந்தவருக்கு மற்றவர்கள் மேல் சட்டென்று நம்பிக்கை வராதுதானே.

"இத்தனை வருசமா வராதவரு இன்னிக்குக் குடும்பத்தோட வந்திருக்கீங்க. என்ன காரியம் ஆவணும்?"

பவித்ரா ஏதோ சொல்ல வந்தாள். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொண்ணைப் பேச வந்தவங்களுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் ஏன் போகலைன்னு கேட்டாங்க. அதனாலதான் வந்தேன். அவங்க கேக்கலைன்னா இன்னிக்கும் நான் வந்திருக்க மாட்டேன்ப்பா."

பிச்சமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடு, கிடந்து துடிச்சேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால் வெளியே போங்க என்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு சார்? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத்தான் தெரியாது. வாங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

லேத்துக்குப் பின்னால், கதவோரத்தில், காளியாயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காது மந்தம். வாத்தியார் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. அந்த அம்மாள் காதைக் கையால் குவித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். பிச்சமுத்து உதவிக்கு வரவில்லை. வாத்தியார் மறுபடி சொன்னார். இரும்பு சீவுகிற சத்தத்தில் எனக்கே விழவில்லை.

"சார், என் கிரைண்டர் ஓடுதுன்னு நினைச்சுக்கங்க" என்றேன்.

அவர் ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது.

"உங்க மகன் அந்த வாட்சை எடுக்கலம்மா!"

"எந்த வாட்சு?"

"ஸ்கூல்ல காணாமப்போச்சே, அந்த வாட்சு! நீங்க வந்து அடிச்சீங்களே! பிச்சமுத்து எடுக்கல!"

காளியாயி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அப்ப ஆரு எடுத்தா?"

பிச்சமுத்து எட்டி லேத்தின் சுவிட்சை அமுக்கினார். சத்தம் சட்டென்று நின்றது. ஆனால் வாத்தியார் அதே குரலில் கத்திவிட்டார்.

"நான்தாங்க எடுத்தேன்! நான்தான்!"

பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். அந்த ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்.

காளியாயி வாத்தியாரை ஒன்றும் சொல்லவில்லை. மகன் பக்கம் கையை நீட்டினார். "போன பொங்கலுக்குக்கூட கேட்டனேடா, எடுத்திருந்தா அம்மாகிட்ட சொல்லிடுன்னு. நீ எந்திரிச்சுப் போயிட்டியே. அந்த அடி அடிச்சேனே சாமி உன்னை" என்று வெங்காயக் கையாலேயே அவர் புருவத்தைத் தடவினார். பிச்சமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெங்காயக் கைய வெக்காதம்மா, எரியுது" என்று அதட்டினார். ஜோதி வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பிச்சமுத்து வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பவித்ராவிடம் வந்தார்.

"பொண்ணைப் பேச வந்தாங்களே, அவங்க நம்பர் இருந்தாக் குடு தங்கச்சி."

அவள் தயங்கினாள். என்ன பேசப்போகிறாரோ என்று எனக்கும் பயம்தான். கொடுக்காதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் அஜித்துக்குப் போன் போட்டு மாமாவின் நம்பரை வாங்கிக் கொடுத்தாள். பிச்சமுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கங்க. அரியமங்கலத்துலேருந்து பிச்சமுத்து பேசறேன். வாத்தியாரைப் பத்தி விசாரிக்கிறீங்களாமே. என்னையும் ஒரு ஆளா வெச்சுக் கேட்டுக்கங்க."

அந்தப் பக்கம் வாழைத்தார் இறக்குகிற கூச்சல் கேட்டது. "சொல்லுங்க" என்றார் ரங்கசாமி.

"நல்லவரு, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவருன்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எனக்குப் படிப்பு போச்சு. தப்பு பண்ணினாரு. வந்து ஒத்துக்கிட்டாரு, ரொம்ப லேட்டா. ஆனா எங்கம்மாவுக்குக் கேக்கிற மாதிரி, இந்த ரோட்டுக்கே கேக்கிற மாதிரி ஒத்துக்கிட்டாரு. பொய் சொல்லி என்னைச் சமாளிக்கப் பாக்கல. இனிமே ரோட்டைத் தாண்ட மாட்டாருன்னு எனக்குத் தோணல. மத்ததை நீங்க யோசிச்சுக்கங்க."

பவித்ரா என் தோளைப் பிடித்து அழுத்திய இடம் வலித்தது.

"தெருவுல ஒருத்தரு சொல்லாததை நீங்க சொல்லிட்டீங்க. போதுங்க. ஆவணி பொறந்ததும் பூவும் பழமுமா வர்றோம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. இன்னொண்ணு, அந்த மாவுக்காரம்மா அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நாங்க வர்ற அன்னிக்கு அவங்க மட்டும் வாயத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் காளியாயியின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆரு எடுத்தான்னு சொன்னீங்க?"

லேத் ஓடவில்லை. முதல் தடவையே அந்த அம்மாளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. வாத்தியார் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.